கணவர் பெயரில் வந்த கோப்பு

திங்கட்கிழமை காலை பஸ்மினாவின் மடிக்கணினியில் மூன்று புதிய கோப்புகள் வந்து கிடந்தன. முதலாவது, காப்புறுதி நிறுவனம் ஒன்றுக்கு விண்ணப்பித்த கொழும்புப் பெண். இரண்டாவது, நீர்கொழும்பு ஹோட்டல் ஒன்றுக்குப் போகவிருந்த சமையற்காரர். மூன்றாவதைத் திறந்ததும் அவள் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

அச்சிமுகம்மது முகம்மது றிஸ்மி. சாய்ந்தமருது. விண்ணப்பித்த வேலை: ஒலுவிலில் மீன் ஏற்றுமதிக் கம்பனி ஒன்று புதிதாகத் திறக்கும் குளிரறையின் மேற்பார்வையாளர்.

முகவரியில் இருந்த வீட்டு இலக்கத்தை அவள் இன்னொரு தரம் படித்தாள். அந்த வீட்டின் சாப்பாட்டு மேசையில்தான் அவள் உட்கார்ந்திருந்தாள். அந்த றிஸ்மி சற்று முன்புதான் அவளிடம், "பகலைக்கு என்ன கறி?" என்று கேட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்துக் கடைக்குப் போயிருந்தான். மூன்று வருடமாக அவள் கணவன்.

பஸ்மினாவின் வேலை, வேலைக்கு விண்ணப்பிப்பவர்களைப் பற்றி இணையத்தில் பகிரங்கமாக என்ன கிடக்கிறது என்று பார்த்து அறிக்கை எழுதுவது. நிறுவனம் கொழும்பில். அவள் வீட்டிலிருந்தே செய்தாள். விண்ணப்பதாரர் "என்னைப் பற்றித் தேடிப் பாருங்கள்" என்று கையொப்பமிட்டுச் சம்மதம் தந்த பிறகுதான் கோப்பு அவளிடம் வரும். பேஸ்புக், லிங்க்ட்இன், டிக்டொக், பழைய செய்திகள், எதுவாக இருந்தாலும் எல்லோருக்கும் திறந்து கிடப்பதை மட்டும் பார்க்கலாம். பொய்ப் பெயரில் கணக்குத் திறந்து உள்ளே நுழையக் கூடாது. ஒருவருடைய மதம், கட்சி, நோய், வீட்டுப் பிரச்சினை எதையும் அறிக்கையில் எழுதக் கூடாது. பெயர் ஒத்துப்போகிறது என்பதற்காக ஆள் அவர்தான் என்று முடிவுகட்டக் கூடாது. வேறு இரண்டு அடையாளமாவது பொருந்த வேண்டும். அவளுடைய உம்மா கைருன்னிஸாவுக்கு இதெல்லாம் எத்தனை தரம் விளக்கியும் ஏறவில்லை. "மகள் சீ.ஐ.டி.யில வேலை" என்றுதான் அவர் அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தார். அதனால் கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டுக்காரர் இரண்டொருவர் மாப்பிள்ளையின் படத்தோடு வந்து, அவள் முடியாது என்றதும் தேத்தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அவளுக்குக் குழப்பமாக இருந்தது குளிரறை அல்ல. கட்டாரில் பெரிய சுப்பர் மார்க்கட் ஒன்றில் குளிர்சாதனம் திருத்துபவனாக இருந்தவன்தான் றிஸ்மி. கல்யாணத்துக்கென்று ஊருக்கு வந்தபோது, அவளுடைய வாப்பா முபாறக், "இனி எதுக்கு மகன் கடல் தாண்டிப் போற? நம்மட கடையில வந்து இரிங்க" என்றார். கல்முனைப் பிரதான வீதியில் முபாறக் ஹாட்வெயார் என்றால் தெரியாதவர் இல்லை. றிஸ்மியும் ஓம் என்று போய் உட்கார்ந்தான். ஊர் வழக்கப்படி மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு வாப்பாவும் உம்மாவும் அதே வளவில் பக்கத்து வீட்டில் இருந்தார்கள். காலையில் மாமாவும் மருமகனும் சேர்ந்து கடை திறப்பதைப் பார்த்தவர்கள், மாஷா அல்லாஹ், இப்படி ஒரு பொருத்தமா என்பார்கள். அந்தக் கடையை விட்டுப் போக அவன் விண்ணப்பித்திருக்கிறான். அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவள் தக்சாயினிக்கு அழைப்பெடுத்தாள். தக்சாயினிதான் அவளுடைய பிரிவுக்குப் பொறுப்பு. பாண்டிருப்பில் வீடு. அவளும் வீட்டிலிருந்துதான் வேலை செய்தாள். எப்போது கதைத்தாலும் பின்னால் காகங்கள் சத்தமிடும்.

"அக்கா, மூணாவது ஃபைல் எனக்கு வேணாம்."

"ஏன் பஸ்மினா, தெரிஞ்ச ஆளா?"

"தெரிஞ்ச ஆள்தான்."

"எவ்வளவு தெரியும்? ஊர்க்காரர் எண்டா அதை எழுதி வெச்சிட்டு நீங்களே செய்யலாம்."

"அக்கா, காலையில அவர்ர சேட்டை நான்தான் அயன் பண்ணிக் குடுத்தன்."

 தக்சாயினி சிரித்தாள். சிரித்து முடித்ததும் குரல் வேலைக்குத் திரும்பியது.

"நல்லது, உடனே சொன்னீங்க. இப்ப கேளுங்க. ஃபைலை மூடுங்க. நான் துசாந்துக்குக் குடுக்கிறன். வேலை முடியும் வரைக்கும் இதைப் பத்தி அவரோட கதைக்கப்படாது. அதை அழியுங்க, இதை மறையுங்க எண்டு ஒண்டும் சொல்லப்படாது. நீங்களும் தேடிப் பாக்கப்படாது. ஏலுமா?"

"ஏலும் அக்கா."

ஏலும் என்று சொல்வது லேசாகத்தான் இருந்தது.

பகல் சாப்பாட்டுக்கு றிஸ்மி வந்தான். பஸ்மினா சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து அவனைப் பார்த்தாள். எத்தனையோ பேரை அவள் தேடியிருக்கிறாள். யார் யாரோ எழுதிய சண்டைகள், யார் யாரோ ஆடிய ஆட்டங்கள் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. பக்கத்தில் படுக்கிற மனிதனின் பெயரை மட்டும் ஒருநாளும் தேடல் பெட்டியில் போட்டதில்லை. அவனை முன்பின் தெரியாத, அவளோடு வேலை செய்யும் துசாந் இப்போது அவனைப் பற்றி என்ன வாசித்துக்கொண்டிருப்பானோ?

"கடையில எப்பிடி மச்சான்?" என்றாள்.

"நல்லம்."

"வேலை பிடிச்சிருக்கா?"

"மூணு வருசத்துக்குப் பொறகு கேக்கிறாய்?"

"சும்மாதான். வேற ஏதும் ஆசை இரிக்கா எண்டு."

றிஸ்மி கொஞ்சம் யோசித்தான். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"அந்தப் பொரிச்ச மீனில இன்னொரு துண்டு" என்றான்.

அவன் போன பிறகு அவள் மடிக்கணினியைத் திறந்தாள். தேடல் பெட்டியில் முதல் இரண்டு எழுத்தை அடித்தாள். பகிரங்கமாகக் கிடப்பதை யாரும் பார்க்கலாம்தானே என்று மனம் வழக்காடியது. தக்சாயினிக்குக் கொடுத்த வார்த்தை அதைவிடச் சத்தமாகக் கேட்டதால், எழுத்துகளை அழித்துவிட்டுக் குசினிக்குப் போய் வேலையில்லாமல் வெங்காயம் உரித்தாள்.

வியாழக்கிழமை பின்நேரம் றிஸ்மி முகம் வாடி வந்தான். தேத்தண்ணீரை ஆறவிட்டுக்கொண்டு நெடுநேரம் கையடக்கத் தொலைபேசியைப் பார்த்தபடி இருந்தான்.

"பஸ்மினா, ஒரு விசயம் கேக்கணும். எனக்கில்ல. என்ட கூட்டாளி ஒருத்தனுக்கு."

"எந்தக் கூட்டாளி?"

"உனக்குத் தெரியாது. சம்மாந்துறை ஆள்."

"சரி."

"அவன் ஒரு வேலைக்குப் போட்டிருக்கான். இண்டர்வியூ எல்லாம் நல்லாப் போன. இப்ப அந்தக் கம்பனியில இருந்து கேக்கிறாங்களாம், பேஸ்புக்கில உன்னப் பத்தி ஒரு முறைப்பாடு கிடக்கு, அதுக்கு என்ன சொல்றாய் எண்டு. பொலனறுவையில ஒரு வீட்டுல பிரிட்ஜ் திருத்தப் போய், மோட்டரைக் கழட்டிக் கொண்டு போனவர் திரும்பி வரல்லியாம். பேரும் ஊரும் ஒத்துப் போகுது."

"அவர் கழட்டிக் கொண்டு போனவரா?"

"சீ! நான்..." றிஸ்மி இருமினான். "அவன் பொலனறுவையில பஸ்ஸை விட்டே இறங்கினதில்ல. ஆனா அதை எப்பிடிக் காட்டுற? நான் செய்யல்ல எண்டு சொன்னா நம்புவாங்களா? உனக்கு இந்த வேலை தெரியும்தானே, அதான் கேட்ட."

பஸ்மினாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "உங்கட கூட்டாளிக்கு என்ன சொல்லலாம் எண்டு யோசிக்கிறன்" என்று சொல்லிவிட்டு, காயப்போட்ட துணியை எடுக்கும் சாக்கில் வளவுக்குப் போனாள். துணிக்கு நடுவே நின்று தக்சாயினியை அழைத்து நடந்ததை மறைக்காமல் சொன்னாள்.

"கூட்டாளிக்கு எண்டா கேட்டார்?" தக்சாயினியின் குரல் சிரிப்பில் தடுமாறியது. பிறகு தொண்டையைச் செருமினாள். "துசாந் அதை அறிக்கையில போட்டதுதான். ஆள் இவர்தான் எண்டு உறுதியில்ல எண்டு நான் கீழ எழுதி அனுப்பினன். கம்பனிக்காரர் அவரிட்டயே விளக்கம் கேட்டிருக்காங்க. அது அவங்கட உரிமை. பஸ்மினா, ரோட்டில போற ஒருத்தர் வந்து கேட்டா என்ன சொல்வீங்களோ, அதை மட்டும் சொல்லுங்க. உள்ளதைச் சொல்லி, அந்த நாளையில எங்க இருந்தார் எண்டு தெரிஞ்ச ஒருத்தர்ர நம்பரைக் குடுக்கச் சொல்லுங்க. அதுக்கு மேல ஒரு சொல்லும் வேணாம்."

அவள் உள்ளே வந்தாள்.

"அந்த முறைப்பாடு எப்ப போட்டது?"

"ரெண்டு வருசத்துக்கு முந்தி. நோம்பு மாசம்."

"அந்த மாசம் உங்கட கூட்டாளி எங்க வேலை செய்த?"

"அவன்ட... மாமாட கடையில."

"அப்ப லேசுதானே. மாமாட நம்பரைக் குடுத்தாச் சரி. அவர் சொல்லட்டும்."

றிஸ்மியின் முகம் இன்னும் கொஞ்சம் இறங்கியது. "அங்கதான் பிரச்சினை. அவன் வேலைக்குப் போட்டது மாமாக்குத் தெரியா. மகளைக் குடுத்து, வீட்டைக் குடுத்து, கடையில கதிரையும் குடுத்த மனிசன். கேள்விப்பட்டா மனம் உடைஞ்சிரும்."

"கூட்டாளிட பெண்சாதிக்காவது தெரியுமா?"

"அவளுக்கும் தெரியா."

"ஏன் சொல்லல்ல?"

அவன் கோப்பையைச் சுற்றிக்கொண்டிருந்தான். "வேலை கிடைச்ச பொறகு சொன்னா ஒரு சந்தோசச் செய்தியோட சொல்லலாம். கிடைக்காட்டி, அவள்ர வாப்பாட கடையை விட்டு ஓடப் பாத்தவன் எண்டது மட்டும்தானே மிஞ்சும்."

திங்கட்கிழமையிலிருந்து பஸ்மினாவின் நெஞ்சில் இருந்த மனக்குறை அந்த இடத்தில் கரைந்துபோனது. கை நீட்டி அவன் கையைப் பிடிக்க வேண்டும்போல் இருந்தது. சம்மாந்துறைக் கூட்டாளிக்காக அவன் கையை எப்படிப் பிடிப்பது? துணியை மடித்தாள்.

"அந்தப் பெண்சாதி கோவிக்க மாட்டா எண்டுதான் நான் நினைக்கிறன்" என்றாள். "மாமாவும் அப்பிடித்தான். போய் நேரில சொல்லச் சொல்லுங்க."

மறுநாள் வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து வாப்பாவும் உம்மாவும் வழக்கம்போல மகள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். நெய்ச்சோறும் மாட்டிறைச்சியும். வாப்பா நல்ல உற்சாகத்தில், வர்ணப்பூச்சுக் கம்பனி அனுப்பிய புதுக் கலண்டரைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார். றிஸ்மி ஒரு பிடி சோற்றை உருட்டி உருட்டித் தட்டிலேயே வைத்திருந்தான்.

"மாமா, ஒண்டு சொல்லணும். கோவிக்கப்படாது."

"சொல்லுங்க மகன்."

அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். ஒலுவில், குளிரறை, நேர்முகம், பொலனறுவை மோட்டர், எல்லாம்.  உம்மா வாயைத் திறந்தபடி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார்.

வாப்பா எழும்பிப் போய்க் கை கழுவினார். துவாயால் மெதுவாகத் துடைத்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"எவ்வளவு காலமா இந்த எண்ணம்?"

"ஒரு வருசமா மாமா."

"ஒரு வருசமா?" வாப்பா கதிரையில் சாய்ந்தார். "நான் ரெண்டு வருசமா அல்லாஹ்க்கிட்ட கேட்டுக் கொண்டிருக்கன், இந்தப் பிள்ளைக்கு விருப்பமான ஒரு தொழிலைக் காட்டு ரஹ்மானே எண்டு!"

றிஸ்மி தலையை நிமிர்த்தினான்.

"சாகாமம் ஊரில இருந்து ஒரு ஆள் வயலுக்குத் தண்ணி மோட்டர் வாங்க வந்தாரே, ஞாபகம் இரிக்கா? நான் புதுசை இறக்கித் தூசு தட்டி வெச்சிட்டு உள்ளுக்குப் போய் வாறன். நீங்க என்ட மேசையில அவர்ர பழைய மோட்டரைப் பிரிச்சுப் போட்டிருக்கீங்க. ஒரு ரப்பர் வளையம் மாத்திக் குடுத்து, 'இது இன்னும் அஞ்சு வருசம் ஓடும், புதுசு வேணாம்' எண்டு அனுப்பிட்டீங்க. அவர் சலாம் சொல்லிட்டுப் போறார். நான் பெட்டியைக் கட்டிப் பிடிச்சிக் கொண்டு நிக்கன்!"

பஸ்மினா வாயைப் பொத்தினாள்.

"புதுசு வாங்க வாற சனத்துக்கெல்லாம் பழசைத் திருத்திக் குடுத்தா நான் என்னத்தை விக்கிற மகன்?"

"இதை ஏன் மாமா ஒருநாளும் சொல்லல்ல?"

"மருமகனுக்கிட்ட எப்பிடிச் சொல்லுற? மனம் நோகும் எண்டு உங்கட மாமிதான் விடல்ல."

"நானா?" உம்மா கரண்டியைத் தூக்கினார். "நீங்க பயந்ததுக்கு என்ட தலையில போடாதீங்க. படுக்கையில வந்து புலம்புறது, விடிஞ்சதும் மருமகன் மருமகன் எண்டு பல்லைக் காட்டுறது!"

வாப்பா சிரித்தார். அவர் சிரித்ததும் றிஸ்மியும் சிரித்தான். மூன்று வருடத்தில் அவன் வாப்பாவுக்கு முன்னால் அப்படிச் சிரித்ததைப் பஸ்மினா பார்த்ததில்லை.

"என்ட நம்பரைக் குடுங்க" என்றார் வாப்பா. "எவன் வேணுமெண்டாலும் கேக்கட்டும். நான் சொல்றன்."

உம்மா திடீரென்று மகள் பக்கம் திரும்பினார். "அதுசரி, உனக்கு இது முன்னமே தெரியுமாகா?"

"வாப்பாக்கு இன்னும் ரெண்டு துண்டு இறைச்சி வைக்கட்டா?" என்றாள் பஸ்மினா.

"அவர் கை கழுவிட்டார்" என்றான் றிஸ்மி, அவளைக் கொஞ்சம் விசித்திரமாகப் பார்த்துக்கொண்டு.

அழைப்பு திங்கட்கிழமை பகல் வந்தது. வாப்பா கடையிலிருந்து வந்து சாப்பிட்டுவிட்டு, மகள் வீட்டு விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். அவருக்குத் தொலைபேசியைக் காதில் வைத்துக் கதைக்கும் பழக்கமில்லை, எல்லாவற்றுக்கும் ஸ்பீக்கர்தான்.

"ஹலோ! முபாறக் ஹாட்வெயார்!"

"வணக்கம் ஐயா. ஒருத்தர் வேலைக்குப் போட்டிருக்கார், கம்பனிக்காரர் உங்கட நம்பரைத் தந்து அவரைப் பத்தி விசாரிக்கச் சொன்னாங்க. என்ட பேர் தக்சாயினி."

பின்னால் காகம் கத்தியது. உள்ளே மேசையில் இருந்த பஸ்மினா துள்ளி எழும்பினாள். தான் இதைக் கேட்கக் கூடாது. அவள் பின் வளவுக்கு ஓடி, பைப்பைத் திறந்து, வாளியில் தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றாள். தக்சாயினியின் குரல் அதில் மூழ்கிப் போனது. வாப்பாவின் குரலை மூழ்கடிக்கிற பைப் சாய்ந்தமருதில் இல்லை.

"வேலைக்கு எப்பிடி எண்டா? உண்மையைச் சொல்லட்டா மிஸ்? என்ட கடைக்குச் சரிவராத ஆள்!"

பக்கத்து வீட்டிலிருந்து உம்மா, "யா அல்லாஹ்!" என்று ஓடிவருவது கேட்டது.

"சும்மா இரிகா, கதைக்கிறன்தானே. மிஸ், கேளுங்க. வாற ஆக்களுக்குச் சாமான் விக்கத் தெரியாது. பழசைத் திருத்தித் தாறன் எண்டுவார். அந்த நோம்பு மாசம் முழுக்க என்னோட கடையிலதான் நிண்டவர். ஒருநாள் நோம்பு துறக்கிற நேரம் கஞ்சி ஆறிக் கிடக்கு, ஆளைக் காணல்ல. பாத்தா பக்கத்துக் கூல்பார்காரன்ட ஐஸ்பெட்டிக்குள்ள தலையைக் குடுத்துக் கொண்டிருக்கார். இவர் போய் ஒரு மனிசன்ட மோட்டரைக் கழட்டிட்டு ஓடினாராம்! கழட்டின மோட்டரைப் பூட்டாட்டி இவருக்கு நித்திரையே வராது மிஸ்!"

பிறகு வாப்பா நெடுநேரம் பேசவில்லை. அது புதுமையாக இருந்ததால் பஸ்மினாவுக்குப் பயமாகிவிட்டது. வாளி நிரம்பி வழிந்தது. உள்ளே வந்தபோது அழைப்பு முடிந்திருந்தது. வாப்பா தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன வாப்பா?"

"நம்மட கடையைப் பத்தி கூகுள் மெப்பில சனம் எழுதியிருக்காம். அந்த மிஸ் வாசிச்சுக் காட்டின."

"என்ன எழுதியிருக்கு?"

"புது மோட்டர் வாங்கப் போன, அங்க இருந்த சகோதரர் பழசைத் திருத்தித் தந்தார், இனி எல்லாச் சாமானும் இந்தக் கடையிலதான் எண்டு ஒருத்தன் எழுதியிருக்கான். இன்னொருத்தர் நிந்தவூர் ஆள். அந்த மாடி வீடு கட்டினவர். சீமெந்தில இருந்து சாவி வரைக்கும் நம்மட்ட எடுத்தாரே, அவர். ஏன் எண்டா, முதல் நாள் வந்த நேரம் நம்மட ஆள் அவருக்குத் தேவையில்லாத ஒரு சாமானை வேணாம் எண்டு சொன்னதாலயாம்." வாப்பா தாடையைத் தடவினார். "நான் நினைச்ச, என்ட பேச்சுக்குத்தான் அவர் வந்த எண்டு."

அன்று பின்நேரம் றிஸ்மி வந்ததும் வாப்பா அவனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினார்.

"மகன், நான் யோசிச்சுப் பாத்த. ஒலுவில் தூரம்தானே. காத்து, மழை. நீங்க கடையிலேயே நில்லுங்களேன்."

றிஸ்மி திகைத்துப்போய்ப் பஸ்மினாவைப் பார்த்தான். பதில் உம்மாவிடமிருந்து வந்தது.

"ரெண்டு வருசமா துஆக் கேட்டது போதும். இப்ப அல்லாஹ் குடுக்கப் போறான், பேசாம இரிங்க."

வாப்பா முணுமுணுத்தபடி, சனிக்கிழமைகளிலாவது கடைக்கு வர வேண்டும், மூலையில் திருத்துவதற்கென்று ஒரு மேசை போட்டுத் தருவேன் என்று பேரம் பேசினார். றிஸ்மி உடனே ஓம் என்றான்.

புதன்கிழமை தக்சாயினி பஸ்மினாவை அழைத்தாள். "ஃபைல் மூடியாச்சு. நல்லா முடிஞ்சது. கம்பனிக்காரர் இண்டைக்கே அவருக்குச் சொல்வாங்க. இனி நீங்க வீட்டில கதைக்கலாம். எங்கட இடத்துக்கு ஃபைல் வந்ததையும் சொல்லலாம், ஒளிக்கத் தேவையில்ல."

"அந்த முறைப்பாடு அக்கா?"

"அதைக் கேளுங்க. துசாந்தை அந்தப் பதிவுக்குக் கீழ உள்ள எல்லாத்தையும் வாசிக்கச் சொன்னன். ஏச்சும் பேச்சுமா ஒரு நீளம். அடியில, அந்த வீட்டுக்காரரே எழுதியிருக்கார். மோட்டர் திரும்பி வந்திட்டாம், கொண்டு போனவர் கால் முறிஞ்சு ஆஸ்பத்திரியில கிடந்தாராம், ஏசின எல்லாரும் அவருக்குத் துஆச் செய்யுங்க எண்டு. கொண்டு போனவர்ர படமும் இருக்கு. அறுபது வயசு மனிசன்."

கொஞ்ச நேரத்தில் துசாந்திடமிருந்தும் ஒரு செய்தி வந்தது: 'அக்கா மன்னிச்சுக் கொள்ளுங்க. மேல உள்ளதை மட்டும் வாசிச்சிட்டன். இனி அடி வரைக்கும் வாசிப்பன்.' பஸ்மினா அவனுக்கு ஒரு சிரிப்புப் படம் அனுப்பினாள்.

றிஸ்மி அன்று வழக்கத்தைவிட வெள்ளனவே வந்துவிட்டான். கையில் ஒரு பெட்டி மஸ்கட் இனிப்பு. வாசலிலேயே செருப்பைத் தாறுமாறாகக் கழற்றிப் போட்டான்.

"பஸ்மினா!"

"என்ன, உங்கட சம்மாந்துறைக் கூட்டாளிக்கு வேலை கிடைச்சிட்டா?"

அவன் அப்படியே நின்றான். "கூட்டாளி எண்டு இன்னமும் சொல்றியே, அண்டைக்கு எல்லார்ட முன்னாலயும் நான் சொல்லிட்டன்தானே?"

"அதுக்கு முந்தியே எனக்குத் தெரியும் மச்சான். உங்கட ஃபைல் முதல்ல என்னிட்டத்தான் வந்த."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் மஸ்கட் பெட்டியோடு கதிரையில் உட்கார்ந்தான்.

"அப்ப நான் கூட்டாளி கூட்டாளி எண்டு கதைக்கக்குள்ள..."

"சிரிப்பை அடக்க ஏலாமத்தான் உடுப்பு எடுக்க வெளிய போன. பாதி உடுப்புக் காயவுமில்ல."

அவன் முகத்தைப் பொத்திக்கொண்டான். காது சிவந்திருந்தது. விரல்களுக்கிடையால் பார்த்துக் கேட்டான்: "நீ என்னைத் தேடிப் பாத்தியா?"

"இல்ல. வார்த்தை குடுத்திருந்தன்."

"இப்ப?"

"இப்ப தடையில்ல."

அவன் கதிரையை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டான். இருவரும் மஸ்கட் தின்றுகொண்டு தேடினார்கள். றிஸ்மியின் பெயரில் பெரிதாக ஒன்றுமில்லை. கட்டாரில் ஒரு கிரிக்கெட் போட்டிப் படம். பந்து வேறு எங்கோ போக அவன் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு பாலர் பாடசாலைக்குத் தண்ணீர்க் குளிரூட்டி திருத்திக் கொடுத்ததற்கு நன்றி சொல்லி யாரோ போட்டிருந்த பதிவு. அதைப் பற்றி அவன் வீட்டில் சொன்னதே இல்லை. பஸ்மினா அதை இரண்டு தரம் வாசித்தாள்.

"சரி, இப்ப உன்ட பேரைப் போடு" என்றான்.

"என்ட பேரில ஒண்டும் இரிக்காது."

"போடு பாப்பம்."

போட்டார்கள். அவள் படித்த பாடசாலையின் பழைய இணையப் பக்கம் ஒன்று வந்தது. வலய மட்டப் பேச்சுப் போட்டி. மேடையில் ஒலிவாங்கிக்கு முன்னால், கண்ணை இறுக மூடி, வாயை ஆவென்று திறந்து, ஒரு கையை வானத்துக்கு உயர்த்திக்கொண்டு நின்றாள் பதினைந்து வயதுப் பஸ்மினா. கீழே, 'ஊக்கப் பரிசு' என்று எழுதியிருந்தது.

"யா அல்லாஹ்! மூடுங்க, மூடுங்க!"

அவள் மடிக்கணினியை மூடப் பாய்ந்தாள். அவன் அதைத் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றி ஓடினான். சிரிப்புச் சத்தம் கேட்டு உம்மா பக்கத்து வீட்டிலிருந்து, "என்னகா அங்க கூத்து?" என்று சத்தமிட்டார்.

"மாமி, இஞ்ச ஓடி வாங்க!" றிஸ்மி மடிக்கணினியைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போனான். "உங்கட மகள்ர பின்னணியை விசாரிச்சிட்டன்!"